“தெருவா இது, தேசிங்கு ராஜன் குதிரை ஓட்டுற மைதானமா?” - செஞ்சியில் ஆயாவோடு போட்ட 30 கி.மீ கணக்கு!

போன மார்கழி. விடியற்காலை ஐந்தரை மணி இருக்கும். செஞ்சியில் எங்கள் ஆயா வழக்கம்போல வாசல் பெருக்கி, சாணம் தெளித்து, குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். 15 புள்ளி, 8 வரை இடைப்புள்ளி. அந்த அளவு கோலம் எங்கள் வாசலில் அடங்காது. பாதி தெருவுக்கு வந்துவிடும். மார்கழியில் அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

பைக் சத்தம் கேட்டு ஆயா நிமிர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இடுப்பெலும்பு முறிவு. 108 வந்தது. முதலில் செஞ்சி அரசு மருத்துவமனை, அங்கிருந்து முண்டியம்பாக்கம். எங்கள் மாவட்டத்தில் ‘முண்டியம்பாக்கம் கொண்டுபோயிட்டாங்க’ என்று சொன்னால், அடி பலமானது என்று அர்த்தம். சென்னையில் ஹாஸ்டல் அறையில் தூங்கிக்கொண்டிருந்த எனக்கு அம்மா போன் செய்து அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொன்னார்.

பைக்கை ஓட்டி வந்தது பக்கத்துத் தெருப் பையன். 19 வயது. குடித்திருக்கவில்லை. ரேஸ் ஓட்டுகிற ஆளும் இல்லை. அவன் அம்மாவை முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான்.

ஆபரேஷன் முடிந்து, வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்த பிறகு ஆயா சொன்ன முதல் வசனம் இதுதான்: “தெருவா இது, தேசிங்கு ராஜன் குதிரை ஓட்டுற மைதானமா?”

செஞ்சிக்காரர்களுக்கு இந்தக் கிண்டல் புரியும். யார் வண்டியைக் கொஞ்சம் முறுக்கினாலும், “பெரிய தேசிங்கு ராஜா” என்பார்கள். 1714-ல் ஆற்காட்டு நவாபின் பெரும்படையை ஒரு சிறு படையோடு எதிர்த்துப் போய், இளம் வயதிலேயே செத்துப்போன ராஜா அவர். குதிரையை அடக்கியதுதான் கதையில் அவருக்குப் பெருமை. குதிரையை அடக்கத் தெரிந்தவர் பெயரை அடக்கத் தெரியாதவர்களுக்கு வைத்துவிட்டோம்.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். டிஜிட்டல் டெஸ்க்கில் என் வேலைகளில் ஒன்று, மாவட்டச் செய்திகளுக்குத் தலைப்பு வைப்பது. ‘வேகத்தடை அமைக்கக் கோரி பொதுமக்கள் சாலை மறியல்’ என்ற தலைப்பை எத்தனை முறை டைப் செய்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ஊர்ப் பெயர் மட்டும் மாறும். விபத்து, மறியல், போலீஸ் பேச்சுவார்த்தை, கலைந்து சென்றனர், ‘இதனால் அப்பகுதியில் சிறிது நேரம் போக்குவரத்து பாதிக்கப்பட்டது.’ செய்தி அங்கே முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் என்ன நடந்தது என்று நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இந்த முறை பார்க்க வேண்டியதாகிவிட்டது.

பௌர்ணமிக்கு ஒரு கூட்டம், அமாவாசைக்கு ஒரு கூட்டம்

செஞ்சி என்றதும் எல்லோருக்கும் கோட்டைதான் ஞாபகம் வரும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள், அவற்றைச் சுற்றி மதில். 2025 ஜூலையில் யுனெஸ்கோ ‘மராட்டியர் ராணுவ நிலப்பரப்பு’ என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பர்யப் பட்டியலில் சேர்த்தது. அதில் 11 மகாராஷ்டிராவில் இருப்பவை. மிச்சமிருக்கும் ஒன்று எங்கள் ஊர். அந்த வாரம் முழுக்க எங்கள் ஊர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களில் ராஜகிரிதான்.

ஆனால் செஞ்சிக்கு இன்னொரு முகம் இருக்கிறது. அது ஒரு வழிப்பாதை ஊர். சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் திண்டிவனத்தில் திரும்பி, செஞ்சி வழியாகத்தான் போவார்கள். அந்த நெடுஞ்சாலை ஊருக்குள் புகுந்து, மலைகளுக்கு இடையே, பழைய கோட்டை எல்லைக்குள்ளேயே ஓடி வெளியேறுகிறது. விழுப்புரம் சாலை வந்து சேர்வதும் இதே ஊரில்தான். பௌர்ணமி வந்தால் கிரிவலத்துக்குப் போகும் வேன்கள், பஸ்கள், கார்கள். கூட்டம் குறைந்தது என்று மூச்சுவிட்டால் பதினைந்தாம் நாள் அமாவாசை. மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கு அடுத்த கூட்டம். நடுவில் நெல் அறுவடைக் காலம் வந்துவிட்டால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மூட்டை ஏற்றி வரும் டிராக்டர்களும் லாரிகளும் வேறு. தமிழ்நாட்டில் வளர்பிறைக்கும் தேய்பிறைக்கும் ஏற்ப டிராஃபிக் ஏறி இறங்கும் ஊர் இன்னும் எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை. எங்கள் ஊர் அப்படித்தான்.

கூட்டு ரோட்டில் நெரிசலானால் விவரமானவர்கள் என்ன செய்வார்கள்? தெருவுக்குள் புகுந்துவிடுவார்கள். முன்பெல்லாம் உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் தெரிந்த குறுக்கு வழி இது. இப்போது போனில் இருக்கும் மேப், வெளியூர்க் காரையும் எங்கள் வாசலுக்குக் கூட்டிவருகிறது.

எங்கள் தெரு மொத்தம் 400 மீட்டர் இருந்தால் அதிகம். ஒரு பிள்ளையார் கோயில், இரண்டு பெட்டிக்கடை, ஒரு அங்கன்வாடி. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது மண் ரோடு. மழை பெய்தால் குளம். சைக்கிளில் போனாலே முதுகு கழன்றுவிடும். சிமென்ட் ரோடு கேட்டு எல்லோரும் மனு எழுதினார்கள், அப்பாவும்தான் கையெழுத்துப் போட்டார். ரோடு வந்தது, வழவழவென்று. தெருவே சந்தோஷப்பட்டது. அன்றுவரை பள்ளம்தான் எங்கள் தெருவின் வேகத்தடையாக இருந்தது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. ரோடு நன்றாக இருந்தால் கால் தானாக அழுத்தும், கை தானாக முறுக்கும். ரோடு போட்டவர்களையும் குறை சொல்ல முடியாது. ரோட்டைப் போடச் சொன்னோமே தவிர, அதில் எவ்வளவு வேகத்தில் போகலாம் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரே ராத்திரியில் முளைத்த மேடு

ஆயாவுக்கு அடிபட்ட இரண்டாம் நாளே தெருப் பையன்கள் சேர்ந்து முடிவெடுத்துவிட்டார்கள். மனு கொடுத்து, அது மேஜை மேஜையாகப் போய்த் திரும்பி வருவதற்குள் இன்னொரு ஆயா விழுந்துவிடுவார் என்பது அவர்கள் வாதம். ஆளுக்கு 100, 200 ரூபாய். ஒரு வீட்டில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்ததால் ஜல்லியும் சிமென்ட்டும் அங்கேயே கிடைத்தன. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து, பன்னிரண்டு மணிக்கெல்லாம் தெருவுக்குக் குறுக்கே ஒரு மேடு தயார். அகலம் ஒரு முழம். உயரம் அரை ஜாண்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வேகத்தடைக்கு அளவு இருக்கிறது என்பதே எனக்கு இதை எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரியும். இந்தியச் சாலைகளுக்கான விதிமுறைகளை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், 1988-லேயே இதற்கென்று ஒரு வழிகாட்டியை வெளியிட்டிருக்கிறது. எண் 99. அதன்படி மேட்டின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். அதாவது ஒரு கார் ஏறக்குறைய முழுசாக அதன் மேல் நிற்கும் அளவுக்கு அகலமாக, மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் வளைவாக இருக்க வேண்டும். 25 கி.மீ வேகத்தில் வந்தால் சுகமாகக் கடக்கலாம், அதைத் தாண்டினால் தூக்கிப்போடும். 1970-களில் இங்கிலாந்தின் சாலை ஆய்வகத்தில் பல வடிவங்களைச் சோதித்துப் பார்த்துக் கண்டுபிடித்த அளவும் ஏறத்தாழ இதுவேதான். கறுப்பு வெள்ளைப் பட்டை அடிக்க வேண்டும். 40 மீட்டருக்கு முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும்.

எங்கள் பையன்கள் போட்டதில் உயரம் கிட்டத்தட்ட சரி. அகலம்தான் எட்டில் ஒரு பங்கு. பட்டையும் இல்லை, பலகையும் இல்லை.

இப்படிப்பட்ட மேடு என்ன செய்யும்? மெதுவாக வருபவரை உலுக்கும். வேகமாக வருபவருக்கு, சக்கரம் ஒரு துள்ளு துள்ளி அந்தப் பக்கம் போய்விடும். முதல் வாரத்திலேயே பால்காரரின் கேன் ஒன்று கவிழ்ந்தது. இரண்டாம் வாரம், மேட்டின் ஓரத்தில் சாக்கடையை ஒட்டி ஒரு முழம் இடைவெளி இருப்பதை பைக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அதன்பிறகு எல்லா பைக்கும் அந்த ஓரமாகத்தான். அந்த ஓரம்தான் அங்கன்வாடிக் குழந்தைகள் நடக்கிற இடம்.

அடுத்தது எங்கள் கதை. ஆபரேஷன் முடிந்து ஆயாவை வேனில் படுக்கவைத்து அழைத்து வந்தோம். முண்டியம்பாக்கத்திலிருந்து செஞ்சி வரை டிரைவர் அண்ணன் பூப்போல ஓட்டி வந்தார். எங்கள் தெருவில் திரும்பி, அந்த மேட்டில் முன்சக்கரம் ஏறி இறங்கியதும் ஆயா போட்ட அலறல் இப்போதும் என் காதில் இருக்கிறது. அவருக்காகப் போட்ட மேடு.

மறுநாள் பையன்களே கடப்பாரையோடு வந்து அதை உடைத்து எடுத்தார்கள். நாங்கள் யாரும் சொல்லவில்லை.

கோலமாவுக் கோடும் 108-ம்

லீவில் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு வேலை செய்தேன். அப்பாவின் டேப்பை எடுத்து, தெருவில் 30 மீட்டர் அளந்து, இரண்டு முனையிலும் ஆயாவின் கோலமாவால் கோடு போட்டேன். திண்ணையில் உட்கார்ந்து போனில் ஸ்டாப்வாட்சை ஆன் செய்தேன். வண்டி முதல் கோட்டைத் தொடும்போது ஒரு அழுத்து, இரண்டாவது கோட்டைத் தாண்டும்போது இன்னொரு அழுத்து.

கணக்கு ரொம்ப சுலபம். 108-ஐ அந்த நொடியால் வகுத்தால் வருவதுதான் மணிக்கு எத்தனை கி.மீ என்ற வேகம். (30 மீட்டரை மணிக்கணக்குக்கு மாற்றும்போது 30 x 3.6 = 108 வருகிறது. ஆம்புலன்ஸ் நம்பரோடு ஒத்துப்போனது தற்செயல்தான்.) 3.6 நொடி ஆனால் 30 கி.மீ. 2 நொடியில் தாண்டினால் 54 கி.மீ. உங்கள் தெருவிலும் செய்து பாருங்கள். போனும் டேப்பும் போதும். கட்டைவிரல் தாமதத்தால் கொஞ்சம் முன்னேபின்னே வரும். ஆனால் யார் நிதானம், யார் வேகம் என்று நன்றாகவே தெரிந்துவிடும்.

ஒரு காலைப் பொழுதை வைத்து இதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு விஷயங்கள் என்னை ஆச்சர்யப்படுத்தின. ஒன்று, ‘ஸ்பீடு பார்ட்டி’ என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த சத்தமான பைக்குகள் அவ்வளவு வேகமாகப் போகவில்லை. சத்தமே இல்லாமல் வந்த ஒரு வெள்ளைக் கார்தான் 2 நொடியில் கடந்துபோனது. இரண்டாவது, என் ஸ்கூட்டி. தம்பியை திண்ணையில் உட்காரவைத்துவிட்டு, வழக்கமாகக் கடைக்குப் போகிற மாதிரியே ஓட்டினேன். 2.4 நொடி. 45 கி.மீ.

“நீயும் தேசிங்கு ராஜாதாண்டி” என்றார் ஆயா.

ஒரு நொடியில் என்ன ஆகும்?

45-க்கும் 30-க்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம் என்றுதான் நானும் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது.

ஒரு ஆள் குறுக்கே வருவதைக் கண் பார்த்து, மூளை சொல்லி, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 கி.மீ வேகத்தில் வரும் வண்டி அந்த ஒரு நொடியில் 8 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் ஓடியிருக்கும். பிரேக் பிடித்தபிறகு, காய்ந்த ரோட்டில் இன்னும் சுமார் 5 மீட்டர். மொத்தம் 13 மீட்டர் சொச்சத்தில் நின்றுவிடும். இதே வண்டி 50-ல் வந்தால்? அந்த முதல் நொடியிலேயே கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடிவிடும். அதாவது 30-ல் வந்த வண்டி முழுசாக நின்றுபோன இடத்தை, 50-ல் வந்த வண்டி இன்னும் பிரேக்கே பிடிக்காமல் முழு வேகத்தில் தாண்டுகிறது. ஒரே ஓட்டுநர், ஒரே வண்டி, ஒரே பிரேக். 13 மீட்டருக்கு அப்பால் ஒருவர் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தால், முதல் வண்டி ஹாரன் அடிக்கும். இரண்டாவது வண்டிக்கு 108-ஐத்தான் கூப்பிட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கும் இதற்குப் பொருந்துகிறது. சராசரி வேகம் 1 சதவிகிதம் கூடினால், உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு 4 சதவிகிதம் கூடுகிறது. 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் பல நாட்டு அமைச்சர்கள் கூடி வெளியிட்ட பிரகடனம், நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் வாகனங்களோடு கலந்து புழங்கும் இடங்களில் 30 கி.மீ-தான் உச்சம் என்றது. 30 என்பது யாரோ ஆசைக்குச் சொன்ன எண் அல்ல. மனித உடம்பு எவ்வளவு அடி தாங்கும் என்பதிலிருந்து வந்த எண்.

நம் நிலைமை? 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்துபோனவர்கள் மட்டும் 32,825. தமிழ்நாட்டில் அந்த ஆண்டு 64,105 விபத்துகள், எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884. நாடு முழுக்க நடந்த சாவுகளில் சுமார் 71 சதவிகிதத்துக்கு அதிவேகம்தான் காரணம் என்று மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கையே சொல்கிறது. விபத்துக்குப் பிறகு காப்பாற்றும் வேலையில் நம் மாநிலம் அக்கறை காட்டுகிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தை 2021 டிசம்பரில் எங்கள் ஊருக்குச் சற்றுத் தள்ளி, மேல்மருவத்தூரில்தான் தொடங்கினார்கள். நல்ல திட்டம். ஆனால் அது அடிபட்ட பிறகு.

சென்னைக்கு 30, செஞ்சிக்கு?

சென்னையில் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று தெரியவில்லை. 2023 நவம்பர் 4 முதல் சென்னைப் பெருநகரில் வேக வரம்பு மாற்றப்பட்டது. கார்களுக்கு 60, கனரக வாகனங்களுக்கும் இரு சக்கர வாகனங்களுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40. செய்திகளில் பெரிதாக வந்தது இந்த எண்கள்தான். கடைசி வரியில் இன்னொன்று இருந்தது: குடியிருப்புப் பகுதிகளில் எந்த வாகனமாக இருந்தாலும் 30.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, ஜூனில், பகலில் 40 கி.மீ-க்கு மேல் போனால் கேமரா பிடிக்கும் என்று சொன்னதற்கு வந்த எதிர்ப்பு ஞாபகம் இருக்கிறதா? மீம்ஸ் போட்டே ஓட்டினோம், எங்கள் டெஸ்க்கும் சேர்த்துத்தான். அகலமான மெயின் ரோட்டில் 40 என்றால் கோபம் வருவது நியாயம் என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் தெருவுக்கு 30 என்றபோது யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை. வீட்டு வாசலில் வேகம் வேண்டாம் என்பதில் எல்லோருக்கும் சம்மதம்தான். அடுத்தவர் வீட்டு வாசலில்தான் மறந்துவிடுகிறது.

சரி, செஞ்சிக்கு? எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் நான் தேடியவரை வேக வரம்புப் பலகை ஒன்றுகூட இல்லை. மத்திய அரசு 2018 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிப்பில் நகராட்சி எல்லைக்குள் கார்களுக்கு 70 வரை, இரு சக்கர வாகனங்களுக்கு 60 வரை என்று இருந்தது. (எக்ஸ்பிரஸ்வேயில் 120 என்றதும் இதே அறிவிப்புதான். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் இதை ரத்து செய்தது தனிக்கதை.) ஆனால் மத்திய அரசு சொல்வது உச்சவரம்பு மட்டுமே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-வது பிரிவின்படி, பொதுமக்கள் பாதுகாப்புக்காக எந்தப் பகுதியிலும், எந்தச் சாலையிலும் அதைவிடக் குறைந்த வேகத்தை மாநில அரசு நிர்ணயிக்கலாம். அரசிதழில் அறிவித்து, சாலையில் பலகையும் வைக்க வேண்டும். ஆக, சட்டம் இருக்கிறது. பலகைதான் இல்லை.

இதே சட்டத்தில் 183-வது பிரிவு, வேக வரம்பை மீறினால் இலகுரக வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. அதில் ஒரு உட்பிரிவு எனக்குப் பிடித்தது. ‘வேகமாக வந்தான், நான் பார்த்தேன்’ என்று ஒரு சாட்சி சொன்னால் மட்டும் தண்டிக்க முடியாது. கருவியால் அளந்த ஆதாரம் வேண்டும். என் ஸ்டாப்வாட்ச் அந்தக் கருவி ஆகாது, தெரியும். ஆனால் மனுவில் எழுத ஆகும்.

பலகை வைத்தால் மட்டும் குறைந்துவிடுமா?

குறையாது. இதைச் சொல்லாமல் விட்டால் ஏமாற்று வேலை. ஹெல்மெட்டுக்கே செக் போஸ்ட் வரும்போதுதான் கை போகிறது. தெருமுனையில் 30 என்று எழுதினால் அதன் மேல் யாராவது டியூஷன் சென்டர் போஸ்டர் ஒட்டுவார்கள். செஞ்சியில் தெருத்தெருவாக ராடார் கன் வைக்கவும் போலீஸ் கிடையாது. அதனால்தான் உலகம் முழுக்க, ரோட்டின் வடிவத்தையே மாற்றுகிறார்கள்.

நெதர்லாந்தை இன்று சைக்கிள் சொர்க்கம் என்கிறோம். 1971-ல் அங்கே சாலை விபத்துகளில் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். மகளைப் பறிகொடுத்த பத்திரிகையாளர் ஒருவர், ‘குழந்தைக் கொலைகளை நிறுத்து’ என்று தலைப்பிட்டு எழுதிய கட்டுரை ஒரு இயக்கத்தின் பெயராகவே ஆனது. அதே காலத்தில் டெல்ஃப்ட் நகரத்துத் தெருக்களை மாற்றி அமைத்தார்கள். நேர் ரோடு வளைந்தது. நடுவில் மரம், பெஞ்ச். வண்டி ஓட்டுபவருக்கு, தான் யார் வீட்டு முற்றத்திலோ நுழைந்துவிட்டோம் என்று தோன்ற வேண்டும், அவ்வளவுதான் யோசனை. 1976-ல் சட்டமே அதை ஏற்றுக்கொண்டது.

சிங்கப்பூரில் 2014 முதல் ‘சில்வர் ஸோன்’ என்று ஒன்று இருக்கிறது. வயதானவர்கள் அதிகம் வாழும் குடியிருப்புகளில் ரோட்டைக் குறுக்கி, லேசாக வளைத்து, நடுவில் நின்று மூச்சுவாங்கிவிட்டு மீதிப் பாதியைக் கடக்க இடம் விட்டு, வேக வரம்பையும் குறைத்திருக்கிறார்கள். ஆயாவிடம் இந்தப் படங்களைக் காட்டினேன். “நடுவுல நின்னு மூச்சு வாங்க எடமா? அங்க பொறந்திருக்கலாம்” என்றார்.

எல்லா இடத்திலும் கைதட்டு கிடைத்துவிடவில்லை. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் 1992-லேயே மெயின் ரோடுகள் தவிர எல்லாத் தெருவுக்கும் 30 என்று மாறியது. ஆனால் 2023 செப்டம்பரில் வேல்ஸ் நாடு இதையே (அவர்கள் கணக்கில் 20 மைல்) கொண்டுவந்தபோது, எதிர்த்து நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆன்லைன் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். நேரம் வீணாகிறது என்பதுதான் பெரிய குறை. எங்கள் தெருவுக்கு நான் போட்ட கணக்கு இது: 400 மீட்டரை 50-ல் கடந்தால் 29 நொடி. 30-ல் கடந்தால் 48 நொடி. வித்தியாசம் 19 நொடி. ஒரு ரீல்ஸ் பார்க்கிற நேரம்கூட இல்லை.

இன்னொரு குறை நியாயமானது. தெருவுக்கு நான்கு மேடு போட்டால் ஆம்புலன்ஸ் என்ன ஆகும், கர்ப்பிணிகள் என்ன ஆவார்கள்? அந்த அலறலைக் கேட்ட பிறகு எனக்கு அதில் மாற்றுக் கருத்தே இல்லை. அளவு தெரியாமல் போடுகிற மேட்டைவிட மேடே இல்லாமல் இருக்கலாம். நெடுஞ்சாலையில் மேடு கேட்டு மறியல் செய்வதிலும் பிரயோஜனம் குறைவு. தேசிய நெடுஞ்சாலைகளில் இருக்கும் வேகத்தடைகளை எடுக்கச் சொல்லி மத்திய அமைச்சகம் 2016-லேயே உத்தரவிட்டிருக்கிறது.

எங்கள் தெருவுக்கு என்ன வேண்டும் என்று திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். அங்கன்வாடி வாசலில், விதிமுறைப்படி 3.7 மீட்டர் அகலத்தில் ஒரே ஒரு மேடு, அதன் மேலேயே குழந்தைகள் கடக்கிற மாதிரி. பிள்ளையார் கோயில் திருப்பத்தில் ரோட்டை இரண்டு பக்கமும் கொஞ்சம் குறுக்கி, மரக்கன்றும் கூண்டும். இரண்டு முனையிலும் 30 என்ற பலகை. பௌர்ணமி, அமாவாசை அன்று மட்டும் முனையில் பேரிகார்டு வைத்து, வெளியூர் வண்டிகளை மெயின் ரோட்டுக்கே திருப்பிவிடுவது. அம்மா இன்னொன்று சொன்னார்: “மார்கழி முழுக்கத் தெருவுல கோலம் இருக்கறப்ப எவனும் வேகமா வரமாட்டான் பாரு. மிதிக்கக் கூடாதுன்னு ஒதுங்கித்தான் போவான்.” டெல்ஃப்ட்காரர்கள் பெஞ்ச் போட்டுச் செய்ததை நம் வீட்டுப் பெண்கள் அரிசிமாவில் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். ஆனால் விடிந்தபிறகுதான் கோலம் கண்ணுக்குத் தெரியும். ஆயாவுக்கு அடிபட்டது அதைப் போட்டுக்கொண்டிருந்தபோது.

யாரிடம் கேட்பது என்பதிலேயே பாதிப் பேர் சோர்ந்துவிடுகிறார்கள். தெரு, பேரூராட்சியின் பொறுப்பு. அதனால் முதல் மனு செயல் அலுவலருக்கும் வார்டு கவுன்சிலருக்கும். வேக வரம்பும் பேரிகார்டும் வேண்டுமென்றால் கலெக்டர், போலீஸ். திங்கள்கிழமை தோறும் விழுப்புரம் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளலாம். அங்கே போக முடியாதவர்களுக்கு 1100 என்ற முதல்வர் உதவி எண் இருக்கிறது. ‘வேகத்தடை வேண்டும்’ என்று ஒற்றை வரியில் எழுதாமல், எந்த இடத்தில், எதனால், எந்த நேரத்தில், எந்த அளவில் என்று எழுதி, கோலமாவுக் கோட்டில் எடுத்த நொடிகளையும் இணைத்திருக்கிறோம். 43 வீடுகள் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. நான் இதை எழுதும் நேரம் வரை பதில் வரவில்லை. வந்தால் அதையும் எழுதுகிறேன். இந்த முறை செய்தி ‘கலைந்து சென்றனர்’ என்று முடியாது.

கையெழுத்து வாங்க வீடு வீடாக ஏறி இறங்கியது யார் தெரியுமா? ஆயாவை இடித்த அந்தப் பையன்தான். விபத்துக்குப் பிறகு ஒரு மாதம் அவன் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. எனக்கு அவன் மேல் இருந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அதை மறைக்கவும் விரும்பவில்லை. ஆயாதான் ஒருநாள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். வந்தவன் வாசலிலேயே நின்றான். “உள்ள வாடா. இன்னாத்துக்கு அங்க நிக்கிற? மறுபடியும் கோலத்து மேல நிக்கிறியே” என்றார். அவன் குனிந்து பார்த்துவிட்டு நகர்ந்து நின்றான். அங்கே கோலமே இல்லை. ஆயாவால்தான் குனிய முடியாதே.

நான் சென்னைக்குக் கிளம்பிய அன்று காலை, வாக்கரைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு ஆயா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கையில் என் போன். கோலமாவுக் கோடு பாதி அழிந்திருந்தாலும் தெரிந்தது. தெருமுனையில் ஒரு வண்டி திரும்பியது. ஆயா கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு அழுத்து அழுத்தினார். காத்திருந்து இன்னொரு அழுத்து.

“நாலுன்னு காட்டுதுடி. எவ்ளோ வருது?”

“27, ஆயா.”

“அது பால்காரரு. அவரு எப்பவும் அப்படித்தான் போவாரு” என்று சொல்லிவிட்டு, அடுத்த வண்டிக்காகப் போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டார்.